மரண உதவிச் சங்கத்தின் சுற்றுலா

இந்த வருஷம் எங்கள் டிவிஷனில் யாரும் சாகவில்லை.
சங்கத்தில் காசு மிஞ்சியது.
தலைவர் மாடசாமி பெட்டியை இரண்டு தடவை எண்ணிவிட்டு
"கடலுக்குப் போவோம்" என்றார்.
யாராவது திடீரென்று செத்துவைப்பதற்குள்
பஸ்ஸுக்கு முற்பணமும் கட்டிவிட்டார்.

கடல் கடலாகத்தான் இருந்தது.
காலில் ஒட்டி வந்த மணல்
இன்னும் லயத்து வாசலில் கொஞ்சம் கிடக்கிறது.
அவ்வளவுதான்.

முதலைப் பண்ணையைத்தான்
மூன்று நாளாகக் கொழுந்து மலையில் பேசுகிறோம்.

பெரியவர்களுக்கு ஐந்நூறு ரூபாய்.
பலகையில் மூன்று மொழி.
நம் மொழியில் 'முதளை' என்றிருந்தது.
நாலாம் ஆண்டு படிக்கிற என் மகன் நிதுர்ஷன்
பேனை கேட்டு அழுதான்:
"மிஸ் பாத்தா மார்க்ஸ் கொறைப்பாங்கம்மா."

அது சீமெந்துத் தொட்டியோரம்
வாயைத் திறந்தபடி கிடந்தது.
கால் மணி நேரம் பார்த்தோம்.
அரை மணி நேரம்.
"பொம்மைக்கா ஐந்நூறு?" என்று
பவளக்கொடி அக்கா கேட்டபோதுதான்
ஒரு கண் மட்டும்
மெல்லத் திறந்து,
கூடைக்குள் முற்றல் இலை தேடும்
கணக்கப்பிள்ளையின் கண்போல
எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து
மூடிக்கொண்டது.

தீனி போடுகிற பையன் சிங்களத்தில் சொன்னான்:
ஐம்பது வயது.
முட்டையும் இங்கேதான், குஞ்சும் இங்கேதான்.
ஆற்றைக் கண்டதில்லை.
வாரத்துக்கு மூன்று கிலோ கோழி.
"தொறந்து விட்டா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.
"எங்கே போகும்? ஏழு மணிக்குத் தீனி. வந்துவிடும்."
பையன் சிரித்தான்.
நாங்களும் சிரித்தோம், வயிறு நோக.
சிரித்து முடிந்ததும்
யாரோ மணி கேட்டார்கள்.
நாளைக்கு ஏழு மணிக்குப் பெரட்டு.

இரவு பஸ்.
கினிகத்தேனையில் பிளேன்டி.
ஹட்டனில் குளிர் ஏறியது, டிக்கெட் எடுக்காமல்.
விடியும்போது மவுசாகலை.
நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கி
மூழ்கிய பழைய கோயிலின் முதுகு
சேற்றுக்கு மேலே தெரிந்தது.
"இங்கயும் ஒண்ணு!"
நிதுர்ஷன் கத்தியதில்
தூங்கிய பஸ் முழுவதும் எழுந்து பார்த்தது.
யாரும் அவனைத் திருத்தவில்லை.
அதுவும் அசையாமல்தான் கிடந்தது.

சும்மா கிடந்து, வாரத்துக்கு மூன்று கிலோ!
பவளக்கொடி அக்காவுக்கு அதுதான் ஆறவில்லை.
நேற்று மழையில் எடுத்த கொழுந்து.
தராசு எனக்குப் பத்தொன்பது காட்டியது.
கணக்கப்பிள்ளை பதினாறு எழுதினார்,
ஈரத்துக்கு மூன்று கழித்து.
வரிசையில் பின்னாலிருந்து அக்கா சொன்னாள்:
"கோழி போயிருச்சு."
படங்குக்குள் குலுங்கிக் குலுங்கி
வரிசையே சிரித்தது.
கணக்கப்பிள்ளை தலையைத் தூக்கி
வெறுமனே பார்த்தார்,
ஒரு கண்ணை மற்றதைவிடக்
கொஞ்சம் அதிகமாகத் திறந்து.

இரவு, கொப்பியில் முதலை வரைந்திருந்தான்.
எண்ணிப் போட்ட பல் நாற்பது.
பெயரில் 'லை' மட்டும் பெரிதாக,
கீழே இரண்டு கோடு.
கழுத்தில் என்னுடைய பச்சை மப்ளர்.
"இது எதுக்குடா?"
"இங்க குளிருமில்ல."

அங்கிருந்து நடந்தால் எத்தனை நாள் ஆகும் என்றான்.
"தீபாவளிக்கு வந்துரும்" என்றேன்.
"அட்வான்ஸ் குடுத்தா" என்றார் அவன் அப்பா,
கம்பளிக்குள்ளிருந்து.

அவன் சிரிக்கவில்லை.
பென்சிலை நக்கி,
முதலைக்குப் பின்னால் ஒரு கேட் வரைந்தான்.
கம்பி கம்பியாக, பொறுமையாக.
கொண்டியும் போட்டான்.
பூட்டுப் போடுமுன்
நித்திரை வந்துவிட்டது.